சைக்கிளுக்கு எதற்கு சிவப்பு விளக்கு?

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, மழையும் பிடித்தாயிற்று. இரண்டும் சேர்ந்தால் நம் குமரி மாவட்டத்தில் சைக்கிள் பேச்சும் கூடவே கிளம்பிவிடும். இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். திட்டு, புலம்பல், நிஜமான சந்தேகம் எல்லாம் கலந்து வந்திருக்கிறது. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன், பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: நாகர்கோவில் சிக்னலில் சிவப்பு விழுந்து பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் ஒரு சைக்கிள் மணிகூட அடிக்காமல் நேராகப் போகிறது. நான் அப்படிப் போனால் வீட்டுக்குச் சலான் வருகிறது. அவருக்கு மட்டும் சட்டம் கிடையாதா?
— வங்கி ஊழியர், வடசேரி

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது சார். முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த விஷயத்தில் சைக்கிள்காரர்களும் சரி, அவர்களைத் திட்டுகிறவர்களும் சரி, பாதி தெரிந்துகொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பெயரே சொல்கிற மாதிரி, மோட்டார் வைத்த வண்டிக்கானது. சாலைக் குறிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிற அதன் 119-ஆவது பிரிவு மோட்டார் வாகனம் ஓட்டுகிறவரைப் பார்த்துத்தான் பேசுகிறது. சிவப்பைத் தாண்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்று தண்டிக்கிற 184-ஆவது பிரிவும் அப்படியே. சைக்கிளுக்கு நம்பர் பிளேட் கிடையாது, ஆர்.சி. கிடையாது, லைசென்ஸ் கிடையாது. கேமரா படம் எடுத்தாலும் சலானை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? ஆகவே உங்களுக்கு வருகிற சலான் அவருக்கு வராது, அது வாஸ்தவம்தான்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, சைக்கிளுக்குச் சட்டமே இல்லை என்று டீக்கடையில் அடித்துவிடுகிறார்களே, அது சுத்தப் பொய். பொது வழியில் மனித உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக வண்டி ஓட்டினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு சொல்கிறது. எந்த வாகனமானாலும் பொருந்தும், மோட்டார் இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. 2024 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 279 என்று இருந்ததும் இதேதான். சிவப்பில் புகுந்த சைக்கிள் ரோட்டைக் கடக்கிற ஒரு பாட்டியம்மாவை இடித்து, அவர் தலை அடிபட்டு இறந்துபோனால் அதே சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்கீழ் சிறை 5 ஆண்டு வரை போகும். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் கிடையாது, அதனால் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னால் சொந்தக் கைக்காசுதான்.

இப்போது ஐம்பது, அறுபது வயது தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டி வாங்கிய தகரப் பில்லையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனதையும், விளக்கு இல்லை என்றும் டபுள்ஸ் போனான் என்றும் போலீஸ் பிடித்து டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டதையும் கதை கதையாகச் சொல்வார்கள். சைக்கிளைச் சட்டம் கண்டுகொள்ளாமல் விட்டது சமீபத்தில்தான். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று கேட்டால், பெரும்பாலும் நல்லதுக்குத்தான் என்பேன். மாதம் எட்டாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிறவரிடம் ஐந்நூறு ரூபாய் அபராதம் பிடுங்கி என்ன ஆகப்போகிறது?

சரி, அப்படியானால் அவர் சிவப்பில் போகலாமா? கூடாது. சட்டம் எட்டுகிறதா இல்லையா என்பதை விடுங்கள். பச்சை விழுந்த பக்கத்திலிருந்து வருகிறவர் வலது இடது பார்ப்பதில்லை, பார்க்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் அந்த விளக்கையே வைத்திருக்கிறோம். அவர் நம்பி வருகிற வழியில் குறுக்கே போகிற சைக்கிள் அடிபட்டால் பேருந்துக்கு ஒரு கீறல் விழும், சைக்கிளில் இருந்தவர் மருத்துவக் கல்லூரிக்குப் போவார். இடதுபுறம் திரும்பவும் இதேதான். இடதுபுறம் எப்போதும் போகலாம் என்று பலகையோ பச்சை அம்புக்குறியோ இருந்தால் போகலாம், இல்லையென்றால் நிற்க வேண்டும். சிவப்பில் இடது திரும்புவது பிறப்புரிமை என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது, சைக்கிள்காரருக்கும் பைக்காரருக்கும் பொதுவாக.

உங்களிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தச் சிக்னலில் வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால்தான் நின்றீர்களா? நிஜமாக? பெரும்பாலான பைக்குகள் கோட்டையும் தாண்டி, நடக்கிறவர்களுக்கான வரிக்கோடுகளின் மேல் முன்சக்கரத்தை வைத்துத்தான் நிற்கின்றன. பின்னால் வருகிற சைக்கிளுக்கு ஒதுங்கி நிற்க ஓரத்தில் ஒரு முழம் இடமிருக்காது, எண் ஐந்து நான்கு என்று இறங்கும்போதே பின்னாலிருந்து ஹாரன் வேறு. பச்சை விழுந்ததும் மொத்தக் கூட்டமும் சீறிக்கொண்டு கிளம்பும் என்று பயந்தே சில வயதானவர்கள் முன்கூட்டிப் போய்விடுகிறார்கள். அது சரி என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். அரசு தந்த சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறேன். எங்கள் ஊர் ரோடு இறக்கமாக வந்து மெயின் ரோட்டில் சேருகிற இடத்தில் 'நில்' பலகை இருக்கிறது, மெயின் ரோட்டைத் தாண்டியதும் ஏற்றம். நின்றுவிட்டால் வேகம் போய்விடும், இறங்கித் தள்ள வேண்டியதுதான். வண்டி எதுவும் வரவில்லை என்று தெரிந்தால் நிற்காமல் போகலாமா? வெளிநாட்டில் அப்படிப் போகலாம் என்று நண்பன் சொல்கிறான்.
— மாணவன், திருவட்டார் பக்கம்

பதில்: மக்களே, இந்த மாதம் வந்ததில் நேர்மையான கேள்வி உன்னுடையதுதான். உன் நண்பன் சொன்னதும் பொய்யில்லை. அமெரிக்காவில் ஐடஹோ என்ற மாநிலத்தில் 1982-லேயே அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. 'நில்' பலகையைக் கண்டால் சைக்கிளில் வருகிறவர் வேகத்தைக் குறைத்து, யாராவது வந்தால் வழிவிட்டு, யாரும் இல்லையென்றால் கால் ஊன்றாமலே போகலாம். பிற்பாடு, சிவப்பு விளக்கில் முழுக்க நின்று பார்த்துவிட்டு, வழி காலியாக இருந்தால் போகலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். 2017-இல் டெலவேர் மாநிலம் 'நில்' பலகைக்கு மட்டும் இது போன்ற சலுகை தந்தது, அப்புறம் வேறு சில மாநிலங்களும் வந்தன. பாரிஸ் நகரத்தில் சில சிக்னல் கம்பங்களில் சைக்கிள் படம் போட்ட சின்ன முக்கோணப் பலகை தொங்கும். அது இருக்கிற இடத்தில் மட்டும் சைக்கிள் சிவப்பிலும், அது காட்டுகிற திசையில், மற்றவர்களுக்கு வழிவிட்டுப் போகலாம். கவனி, அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு போ என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வழிவிட வேண்டும் என்பது எல்லா இடத்திலும் உண்டு.

ஏன் சைக்கிளுக்கு மட்டும் இந்தச் சலுகை என்றால், நீ சொன்ன அதே காரணம்தான். கார்க்காரருக்கு நிற்பதும் கிளம்புவதும் கால்விரலை அசைக்கிற வேலை. உனக்கு உடம்பு உழைக்க வேண்டும். நீயும் சைக்கிளும் புத்தகப்பையும் சேர்த்து ஒரு எண்பது கிலோ என்று வைத்துக்கொள். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துக்கு வருவதற்கு, நீ சாதாரணமாக மிதிக்கிற பலத்தில் சுமார் பத்து விநாடி உழைப்பு போகும். பள்ளிக்கூடம் போகிற வழியில் பத்து இடத்தில் நின்று கிளம்பினால் சட்டை நனைந்துவிடும்.

ஆனால் உன் இடத்துக் கணக்கே வேறு. இயற்பியல் பாடத்தில் வருகிற இயக்க ஆற்றலை எடுத்துக்கொள். இறக்கத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, எதிர் ஏற்றத்தில் மிதிக்காமல் விட்டால் எவ்வளவு உயரம் ஏறும்? காற்றையும் உராய்வையும் விட்டுவிட்டுப் பார்த்தால்கூட இரண்டரை மீட்டர்தான். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயருகிற ஏற்றமானால் ஐம்பது மீட்டர் தூரம், அதோடு தீர்ந்தது. மீதி ஏற்றத்தை எப்படியும் மிதித்தோ தள்ளியோதான் ஏற வேண்டும். அந்த ஐம்பது மீட்டரை மிச்சம் பிடிக்கத்தான் மெயின் ரோட்டைப் பாய்ந்து கடக்கிறாய்.

இன்னொரு பக்கம், அதே 25 கிலோமீட்டரில் திடீரென்று ஒரு டெம்போவைப் பார்க்கிறாய். பார்த்து, புரிந்து, பிரேக் பிடிப்பதற்குள் ஏழு மீட்டர் போய்விடும். அப்புறம் வண்டி நிற்க இன்னும் எட்டு மீட்டர். காய்ந்த ரோட்டிலேயே மொத்தம் பதினைந்து மீட்டர் ஆயிற்று. பிரேக் பிடிப்பது பளபளக்கிற இரும்பு ரிம்மாக இருந்து, நனைந்தும் இருந்தால், ரப்பர் கட்டை முதலில் தண்ணீரைத்தான் வழித்துக்கொண்டிருக்கும், பிடி கிடைக்கவே நேரமாகும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, ஆக வருஷத்தில் நிறைய நாள் உன் பிரேக் அந்த நிலையில்தான்.

பார்வை என்று ஒன்றும் இருக்கிறது. ஐடஹோ நம் ஊர் மாதிரி இல்லை. திருவட்டார், அருமனை, குலசேகரம் பக்கம் ரோடுகளை நீயே பார்க்கிறாய். இந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மதில், அந்தப் பக்கம் ரப்பர் தோட்டம், நடுவில் வளைவு. மெயின் ரோட்டின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தால்தான் வண்டி தெரியும். வண்டி வரவில்லை என்று தெரிந்தால் என்று எழுதியிருக்கிறாயே, இறங்கி வருகிறபோதே அது எப்படித் தெரிகிறது? பெரும்பாலும் சத்தம் கேட்கவில்லை என்பதை வைத்துச் சொல்கிறாய். மின்சார ஸ்கூட்டர் வந்தபிறகு காதை நம்ப முடியாது.

ஆக என் தீர்ப்பு: சைக்கிளுக்கு அந்தச் சலுகை கொடுப்பது தத்துவமாக நியாயம்தான், இரண்டு பக்கமும் நூறு மீட்டர் திறந்து கிடக்கிற சந்திப்பில் நானே அதற்குக் கை தூக்குவேன். நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை, உன் சந்திப்பும் அப்படிப்பட்டது இல்லை. நில். காலை ஊன்று. ஊன்றுவதற்கு முன்னால் ஒரு பெடலை மேலே, கொஞ்சம் முன்னால் தள்ளினாற்போல் கொண்டுவந்து வைத்துக்கொள், கிளம்பும்போது அதில் எழுந்து நின்று ஒரு மிதி மிதித்தால் சைக்கிள் தானே நகரும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளினால் பெண்பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற கவலை இருந்தால், அவர்களும் அங்கே தள்ளிக்கொண்டுதான் போவார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் இருக்கிற வரிசையிலேயே ரோட்டின் வலது ஓரமாக வருகிறார்கள். கேட்டால், எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிகிறது டீச்சர், அதுதான் பாதுகாப்பு என்கிறார்கள். பெற்றோரும் அதையே சொல்லி அனுப்புகிறார்கள். எனக்குத் தவறென்று தெரிகிறது, விளக்கத் தெரியவில்லை.
— ஓய்வு பெற்ற ஆசிரியை, இரணியல்

பதில்: டீச்சர், 'நில்' பலகையில் நிற்காதது, சிவப்பில் போவது எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து இதை மறுதட்டில் வைத்தால் இதுதான் கீழே இறங்கும். நம் ஊர் சந்துகளில் 'நில்' பலகையே அபூர்வம், வேகத்தடை ஒன்றைக் கட்டி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ராங் சைடு சைக்கிள் இல்லாத தெரு கிடையாது.

பிள்ளைகள் சொல்கிற காரணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நடைபாதை இல்லாத ரோட்டில் நடந்து போகிறவர் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்று நாமே ஒன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தோம். நடக்கிறவருக்கு அது சரி. அவர் நினைத்த மாத்திரத்தில் ஒதுங்கி ஓடைக்குள் இறங்கிவிடுவார். சைக்கிளால் பக்கவாட்டில் குதிக்க முடியாது. நடப்பவருக்குச் சொன்ன பாடத்தை அப்படியே சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள்.

கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டுங்கள். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, பையன் 15-இல் போகிறான். ஒரே திசையில் போனால் இருவருக்கும் இடையில் வேக வித்தியாசம் 35. எதிரெதிரே வந்தால் 65. வளைவு திரும்பியதும் நாற்பது மீட்டர் தூரத்தில் பையன் தெரிகிறான் என்று வையுங்கள். பின்னாலிருந்து வருகிற ஓட்டுநருக்குச் சுமார் நான்கு விநாடி இருக்கிறது, அதற்குள் வேகத்தைக் குறைத்துப் பையன் பின்னாலேயே மெதுவாக வரலாம். எதிரே வருகிறவருக்கு இரண்டு விநாடியும் சொச்சமும்தான், அவர் கட்டையாகப் பிரேக் பிடித்து நிறுத்தினாலும் பையன் வந்துகொண்டேதான் இருப்பான்.

இதைவிட முக்கியமானது முடுக்கு வாசல். பக்கத்து முடுக்கிலிருந்து ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் இடது பக்கமாகத் திரும்ப வருகிறார். அவர் தலை எந்தப் பக்கம் திரும்பும்? வலது பக்கம். நம் நாட்டில் அந்த ஓரத்தில் வண்டி அங்கிருந்துதான் வரும். வலது பக்கம் காலி, கழுத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்குகிறார். இடது பக்கத்திலிருந்து, மதிலை உரசிக்கொண்டு, தப்பான திசையில் உங்கள் மாணவி வந்துகொண்டிருப்பாள். எதிரே வருகிற வண்டி தனக்குத் தெரிகிறது என்று அவள் நினைக்கிறாள். அவளை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்த சைக்கிள் விபத்துகளில் இந்த ஜாதிதான் அதிகம், ஓட்டியவர் மேல் தப்புச் சொல்லவும் முடியாது.

வழி என்னவென்றால், வீட்டிலிருந்து புறப்பட்ட உடனே இடது ஓரத்துக்கு மாறிவிட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு கடக்க வேண்டும். தள்ளிக்கொண்டு போகிறவர் நடக்கிறவர் கணக்கில்தான். காலை எட்டரைக்கும் மாலை நாலரைக்கும் வாசலில் ஒரு ஆசிரியரோ பெற்றோரோ கொடி பிடித்து நின்றால் பாதிப் பிரச்சினை தீரும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இந்த 35, 65 கணக்கைப் பெற்றோரையே போட வையுங்கள்.

கேள்வி: சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமா? போலீஸ் பிடிக்குமா?
— குடும்பத் தலைவி, மார்த்தாண்டம்

பதில்: கட்டாயமில்லை, பிடிக்க மாட்டார்கள். ஹெல்மெட் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளுக்கானது. மகனுக்கு வாங்கிக் கொடுங்கள் அக்கா, சைக்கிளுக்கென்றே இருக்கிற லேசான ஹெல்மெட். அப்பாவின் பைக் ஹெல்மெட்டை மாட்டி அனுப்பாதீர்கள், கழுத்து வலிக்கிறது என்று முக்கு திரும்பியதும் கழற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுவிடுவான்.

கேள்வி: பால் வெட்டுக்கு விடியுமுன் சைக்கிளில் போகிறேன். நெற்றியில் கட்டுகிற விளக்கு இருக்கிறது. அது போதாதா?
— ரப்பர் தோட்டத் தொழிலாளி, குலசேகரம்

பதில்: அண்ணாச்சி, அது மரத்தைப் பார்ப்பதற்கு அருமையான விளக்கு. ரோட்டில் எதிரே வருகிறவருக்கும் நீங்கள் தெரிவீர்கள். பின்னாலிருந்து வருகிற டிப்பர்காரருக்கு என்ன தெரியும்? அழுக்குச் சட்டை, கறுப்பு மட்கார்டு, இரண்டு பக்கமும் மரம் மூடிய இருட்டு ரோடு. அடித்து வீழ்த்துகிற வண்டி பின்னாலிருந்துதான் வரும்.

பழைய டைனமோ நல்ல சாமான்தான், ஆனால் டயர் சுற்றினால்தான் எரியும். சந்திப்பில் நின்றீர்களானால் விளக்கும் அணைந்துவிடும், சரியாக யாராவது உங்களைப் பார்க்க வேண்டிய அந்த நேரத்தில். அதனால் பின்மட்கார்டில் ஒரு சிவப்பு ரிப்ளெக்டரைத் திருகிவிடுங்கள், கேரியருக்கு அடியில் பேட்டரியில் மினுக்குகிற சின்னச் சிவப்பு விளக்கு ஒன்றும் மாட்டுங்கள். சக்கரக் கம்பியில் ஆரஞ்சு ரிப்ளெக்டர் போட்டால் குறுக்கே போகும்போதும் தெரியும். பெடலின் முன்னும் பின்னும் இருக்கிற மஞ்சள் துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள், மேலும் கீழுமாக ஆடுகிற அந்த மஞ்சளைப் பார்த்ததும் சைக்கிள் என்று ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும். எல்லாம் சேர்த்தாலும் உங்கள் ஒருநாள் கூலிக்குள் அடங்கும். விளக்கு இல்லாமல் இருட்டில் போகிறவர் சிவப்பில் நின்றாரா இல்லையா என்பதெல்லாம் இரண்டாவது பேச்சு.

கேள்வி: நாலு முக்கில் வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் நடுரோட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?
— தையல் கடைக்காரர், தக்கலை

பதில்: உண்டு. இடது ஓரத்திலேயே இருந்து, பச்சையில் நேராகக் கடந்து, அந்தப் பக்கத்து மூலையில் நின்றுகொள்ளுங்கள். சைக்கிளைத் திருப்பி வைத்து, அந்த ரோட்டுக்குப் பச்சை விழும்போது அவர்களோடு சேர்ந்து நேராகப் போய்விடலாம். ஒரு சிக்னல் நேரம் கூடுதலாகும், நெஞ்சு படபடப்பு மிச்சம். சிக்னல் இல்லாத இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். எப்படியானாலும் கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்புங்கள், நீங்கள் திரும்பப்போவது உங்கள் மனசுக்குள் மட்டும் இருந்தால் போதாது.

கேள்வி: என் தம்பி சைக்கிளில் போகும்போது லாரி உரசி கால் எலும்பு முறிந்துவிட்டது. உன் தம்பிதான் நிற்காமல் ரோட்டில் ஏறினான், அதனால் ஒன்றும் கிடைக்காது என்று லாரி தரப்பில் சொல்கிறார்கள். உண்மையா?
— வாசகி, கருங்கல்

பதில்: உண்மையில்லை, பயமுறுத்துகிறார்கள். தம்பி மேல் கொஞ்சம் தவறு இருந்தது என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் அந்தப் பங்குக்கு நஷ்டஈட்டைக் குறைப்பார்கள், மீதியைத் தரத்தான் வேண்டும். நின்றாயா நிற்கவில்லையா என்பது பணக் கணக்கில் வந்து நிற்கிற இடம் இதுதான். எவ்வளவு குறைப்பார்கள் என்பது சாட்சி, சாலை அமைப்பு, லாரியின் வேகம் எல்லாவற்றையும் பொறுத்தது.

இதைத் தவிர மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு இருக்கிறது. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையே இல்லாமல், மோட்டார் வண்டி விபத்தில் உயிர் போனால் 5 லட்சம், கொடுங்காயம் என்றால் 2.5 லட்சம் ரூபாய் வண்டி உரிமையாளரோ இன்சூரன்ஸ் நிறுவனமோ தர வேண்டும். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் அடங்கும். இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால்கூட அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 உண்டு. எப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, எக்ஸ்ரே, சைக்கிளின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். சைக்கிளை நெளிவு எடுக்கக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள், எந்தப் பக்கம் இடித்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்குப் போன் செய்து சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசம். தாமதிக்க வேண்டாம்மா.

கேள்வி: பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்கிறார்.
— கொல்லங்கோடு வாசகர்

பதில்: மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேல் போகாமல் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது, லைசென்சும் பதிவும் வேண்டாம். வாங்கிய பிறகு ஒரு வயரைப் பிடுங்கிவிட்டால் நாற்பதில் போகும் சார் என்று கண்ணடிக்கிற கடைக்காரராக இருந்தால், அந்த நாற்பதில் போகிறபோது நீங்கள் லைசென்சும் இன்சூரன்சும் இல்லாத மோட்டார் வண்டி ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கன்னியாகுமரி ரோட்டில் ஒட்டுச்சட்டை போட்டுக்கொண்டு கூட்டமாக சைக்கிளில் வருகிறார்கள். முதல் நான்கு பேர் பச்சையில் போனால் மீதிப் பேரும் சிவப்பில் பின்னாலேயே போகிறார்கள். லட்ச ரூபாய் சைக்கிளுக்கு விதி கிடையாதா?
— ஆட்டோ ஓட்டுநர், சுசீந்திரம்

பதில்: உண்டு, மீன்கூடை கட்டிய சைக்கிளுக்கு உள்ள அதே விதி. நமக்கு இவர்கள் புதிசில்லை. காஷ்மீரில் தொடங்குகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை முடிகிற ஊர் நம்முடையது, மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு வந்து முக்கடல் முன்னால் சைக்கிளைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அவர்கள் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார்கள், தலையில் ஹெல்மெட், பின்னால் விளக்கு எல்லாம் இருக்கும். கூட்டமாக வரும்போது மட்டும் முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டே சிக்னலைத் தாண்டுகிற பழக்கம் வந்துவிடுகிறது. சிவப்பு விழுந்தால் கூட்டம் இரண்டாகட்டும், முன்னால் போனவர்கள் தாண்டிப்போய் ஓரமாக நிற்கட்டும், டீ குடிக்கிற இடம் எப்படியும் ஒன்றுதான். நீங்களும் அண்ணே, அவர்கள் பக்கத்தில் வந்து திடீரென்று ஹாரன் அடிக்காதீர்கள், முன்னால் போகிறவர் ஆடினால் பின்னால் பத்துப் பேர் விழுவார்கள்.

கேள்வி: ரயில்வே கேட் மூடியிருக்கும்போது சைக்கிளைச் சாய்த்து அடியில் நுழைந்து போகிறார்களே?
— இரணியல் வாசகர்

பதில்: ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி அத்துமீறி நுழைவது 6 மாதம் வரை சிறைக்குரிய குற்றம். ரயில் போய்விட்டதே, இன்னும் ஏன் திறக்கவில்லை என்று எரிச்சல்பட்டு நுழைகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இரட்டைப் பாதை ஆன இடத்தில், போன ரயிலின் மறைவிலிருந்து எதிர்ப்பக்க ரயில் வரும். ஒன்றின் இரைச்சலில் இன்னொன்று கேட்காது.

கேள்வி: எங்கள் முடுக்கு மெயின் ரோட்டில் சேருகிற இடத்தில் 'நில்' பலகையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. நிற்கச் சொல்கிறீர்கள், எங்கே நிற்பது? யாரிடம் கேட்பது?
— ஒரு தகப்பனார், வில்லுக்குறி

பதில்: ரொம்ப நியாயமான கேள்வி. முதலில் அந்த மெயின் ரோடு யாருடையது என்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, பேரூராட்சியா, ஊராட்சியா என்பதைப் பொறுத்து மனு போகிற இடம் மாறும். தப்பான இடத்தில் கொடுத்தால் எங்கள் எல்லை இல்லை என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள், ஆறு மாதம் போய்விடும். தெரியவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள், எந்தத் துறையோ அதற்கு அவர்களே அனுப்புவார்கள். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

மனுவில் ஆபத்தான சந்திப்பு என்று மட்டும் எழுதாமல், முடுக்கு வாசலில் நின்று வலது பக்கமும் இடது பக்கமும் எத்தனை மீட்டர் வரை ரோடு தெரிகிறது என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள். சைக்கிள் இருக்கையில் உட்கார்ந்தால் கண் இருக்கிற உயரத்தில் போனைப் பிடித்து இரண்டு படம் எடுத்து ஒட்டுங்கள். எட்டு மூலை உள்ள சிவப்பு 'நில்' பலகை, ரோட்டில் வெள்ளைக் கோடு, எதிரே ஒரு குவிகண்ணாடி, மதிலை ஒட்டிய செடியை வெட்டுவது என்று என்ன வேண்டுமோ அதைத் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்றது கிடைக்கும். எட்டு மூலையில் விடாப்பிடியாக இருங்கள், மெயின் ரோட்டிலிருந்து அந்தப் பலகையின் முதுகு மட்டும் தெரிந்தாலும், வடிவத்தைப் பார்த்தே அங்கே ஒரு முடுக்கு சேருகிறது என்று வருகிறவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானமாகவே போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நவம்பர் 1 மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும்கூட, பேச்சாளர்கள் நிறையப் பேசுவார்கள், மதியத்துக்கு மேல்தான் தீர்மானத்துக்கு வருவார்கள். கையெழுத்துப் போட ஆள் கூட்டிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.